வெர்டெக்ஸ்42 கடன் ஷீட்: நம் குடும்பக் கடன்களுக்கு எவ்வளவு தூரம் தாங்கும்?

கடனை அடைக்கத் திட்டம் போட்டுத் தருகிறேன் என்று வரும் ஆப்கள் பலவற்றுக்கு முதலில் உங்கள் எஸ்.எம்.எஸ். வேண்டும், அடுத்து காண்டாக்ட் லிஸ்ட் வேண்டும். கொஞ்ச நாளில் 'உங்களுக்கு ரூ.2 லட்சம் வரை தகுதி உண்டு' என்று அவையே இன்னொரு கடனை நீட்டும். அந்த வம்பு இல்லாத ஒன்று வேண்டுமென்றால் வெர்டெக்ஸ்42 என்ற அமெரிக்கத் தளம் தரும் 'டெப்ட் ரிடக்‌ஷன் கால்குலேட்டர்' எக்செல் ஷீட் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு இலவசம். பத்துக் கடன் வரை போடலாம், அதற்கு மேல் என்றால் காசு கொடுத்து வாங்கும் பதிப்பு. கூகுள் ஷீட்ஸிலும் உண்டு. லாகின் கிடையாது, பேங்க் அக்கவுன்ட்டை இணைக்கச் சொல்லாது. இறக்கிக்கொண்டு நெட்டை அணைத்துவிட்டுக்கூட வேலை பார்க்கலாம்.

ஆனால் இது கிரெடிட் கார்டு, கார் லோன், படிப்புக் கடன் என்று வாழும் அமெரிக்கக் குடும்பத்துக்காகச் செய்தது. நம் வீட்டில் நகைக்கடன், கைமாற்று, குழுக் கடன், எடுத்துவிட்ட சீட்டு, தண்டல் என்று கணக்கு வேறு மாதிரி. அவற்றை இதில் திணித்தால் என்ன ஆகிறது என்பதுதான் இந்த விமர்சனம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: திட்டம் போட இதைவிட நல்ல இலவசப் பொருள் கிடைப்பது அரிது. மூன்று வருடம் மனம் தளராமல் கட்டவைக்கும் வேலையில் பாதிதான் தேறும். வட்டியைத் தப்பாகப் போட்டால் அந்தப் பாதியும் மூன்றாவது மாதமே போய்விடும்.

நிரப்புவது சுலபம். மேலே நிலுவைத் தேதி, அதாவது போடும் நிலுவை எந்த நாளுக்கானது என்பது. கீழே வரிக்கு ஒரு கடனாகப் பெயர், இன்றைய நிலுவை, ஆண்டு வட்டி, மாதத் தவணை. பிறகு எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று ஒரு கட்டம், எந்த வரிசையில் அடைக்கலாம் என்று ஒரு தேர்வு. அவ்வளவுதான். ஒவ்வொரு கடனுக்கும் மொத்த வட்டி எவ்வளவு, எத்தனை மாதம், எந்த மாதம் எந்த வருடம் முடியும் என்று பக்கத்திலேயே வந்துவிடும். கடைசியாகச் சொன்ன அந்த முடியும் மாதம்தான் இந்த ஷீட்டின் உயிர். 'ஆறு லட்சம் கடன்' என்பது மலைப்பு. 'கார்டு மார்ச்சில் முடியும்' என்பது செய்து காட்டக்கூடிய வேலை. அதனால் அந்த மாதம் பொய்யாகாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். அது பொய்யாவது பெரும்பாலும் வட்டிக் கட்டத்தில்.

ஷீட் கேட்பது குறையும் நிலுவைக்கான ஆண்டு வட்டி. நம்மிடம் இருப்பதோ பல பாஷை வட்டி. 'நூத்துக்கு ரெண்டு' என்றால் மாதம் 2%, ஆக 24 என்று போட வேண்டும். மூன்று வட்டி என்றால் 36. இதில் குழப்பமில்லை. ஃபிளாட் வட்டிதான் ஏமாற்றும். பைக், டிவி, ஃபர்னிச்சர் கடைகளில் '12 பர்சென்ட்தான் சார்' என்று மூன்று வருடத்துக்கு ஒரு லட்சம் கொடுத்தால், 36 ஆயிரம் வட்டி சேர்த்து மாதம் ரூ.3,778 தவணை வரும். கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள், நிலுவையோ மாதாமாதம் குறைகிறது. உண்மை வட்டி ஏறக்குறைய 21.2%. இதைக் கண்டுபிடிக்க எக்செலிலேயே 'ரேட்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. தவணைகளின் எண்ணிக்கை, மைனஸ் குறியோடு தவணைத் தொகை, கையில் வாங்கிய தொகை என்ற வரிசையில் மூன்றையும் கொடுத்து, வரும் விடையை 12-ஆல் பெருக்கினால் போதும்.

அதே ஃபங்ஷனில் தண்டலையும் போட்டுப் பாருங்கள். பத்தாயிரத்துக்குப் பேசி, ஆயிரம் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, நூறு நாள் நூறு ரூபாய் வசூல். 100 தவணை, 100 ரூபாய், 9,000 என்று கொடுத்து 365-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 78% பக்கம் வரும். பிடித்தம் ஆயிரத்து ஐந்நூறாக இருந்தால் 120%-ஐத் தொடும். 'நூறு ரூபாய்தானே' என்று பழகிப்போன வீடுகளில் இந்த ஒரு எண்ணைக் கண்ணால் பார்த்தாலே அடுத்த தண்டலுக்குக் கை நீளாது.

கிரெடிட் கார்டில் இன்னொரு ஓட்டை. மாதம் 3.5% என்றால் 42 என்று போடுவார்கள். அந்த வட்டியின் மேல் 18% ஜி.எஸ்.டி. இருக்கிறது. போட வேண்டியது 49.56. பெர்சனல் லோனுக்கு 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தர வேண்டிய முக்கிய விவரப் பத்திரத்தில் ஏ.பி.ஆர். என்று, கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டியாக ஒரு எண் இருக்கும். புதுக் கடன்களை ஒப்பிட அது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் கடனுக்கு அதைப் போடாதீர்கள். அதற்குள் ஏற்கெனவே கட்டி முடித்த பிராசசிங் கட்டணமும் கலந்திருக்கிறது. வெறும் வட்டி விகிதத்தைப் போடுங்கள்.

குழுக் கடனில் வட்டியைவிடத் தவணையில்தான் தப்பு வரும். வாரம் 700 என்றால் நான்கால் பெருக்கி 2,800 என்று எழுதிவிடுவார்கள். வருடத்துக்கு 52 வாரம், ஆகவே மாதத்துக்கு 3,033. ஐந்து வாரம் வரும் மாதத்தில் பட்ஜெட் இடிப்பது இந்தத் தப்பால்தான்.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கார்டு நிலுவை 60 ஆயிரம், 49.56%, மாதம் 3,000. கைமாற்று ஒரு லட்சம், ரெண்டு வட்டி, மாதம் 2,000 வட்டி மட்டும். நகைக்கடன் ஒன்றரை லட்சம், 9.5%, மாதம் 1,200. பெர்சனல் லோன் நிலுவை மூன்று லட்சம், 14%, இ.எம்.ஐ. 8,200. மொத்தம் ஆறு லட்சத்துப் பத்தாயிரம். கட்டாயம் கட்ட வேண்டியது 14,400. வயிற்றைக் கட்டி இன்னும் 5,600 சேர்த்து மாதம் 20,000 ஒதுக்குகிறார்கள்.

ஷீட் இந்த 5,600-ஐயும் கார்டின் மேல் போடச் சொல்கிறது. கார்டு ஒன்பதாவது மாதம் முடிகிறது. அதற்குப் போன 8,600 அப்படியே கைமாற்றுக்குத் திரும்புகிறது, 19-வது மாதம் அதுவும் முடிகிறது. பிறகு மீதி இரண்டு. எல்லாம் தீர 39 மாதம். கூடுதல் ஒன்றுமே போடாமல் அந்தந்தக் கடனின் தவணையை மட்டும் கட்டினால் கைமாற்றின் அசலில் ஒரு ரூபாய் குறையாது. எத்தனை வருடம் ஆனாலும் அது அப்படியே நிற்கும். வட்டி மட்டும் கட்டும் கடன் கடனே அல்ல என்பதுபோல ஒரு நினைப்பு நம் வீடுகளில் உண்டு. ஷீட் அந்த நினைப்பை முகத்தில் அடித்தாற்போலக் கலைக்கிறது.

வரிசை விஷயத்தில் உலகமெங்கும் ஒரு பழைய சண்டை. சின்னக் கடனை முதலில் அடைப்பதா, அதிக வட்டிக் கடனை முதலில் அடைப்பதா? ஷீட்டில் முதலாவது 'ஸ்னோபால்', இரண்டாவது 'அவலாஞ்ச்'. 2012-இல் 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ரிசர்ச்' இதழில் வந்த ஓர் ஆய்வு, கடன் தீர்வு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் கணக்குகளைப் பார்த்து, எத்தனை ரூபாய் அடைத்தார்கள் என்பதைவிட எத்தனை கணக்குகளை மூடினார்கள் என்பதுதான் கடைசிவரை போய்ச் சேர்ந்ததோடு அதிகம் பொருந்துகிறது என்றது. மறுபக்கம், வட்டிக் கணக்கு எப்போதும் இரண்டாவது வழிக்குத்தான் சாட்சி சொல்லும்.

நம் உதாரணத்தில் இரண்டையும் மாற்றிமாற்றிப் போட்டால் வேடிக்கை. முதல் 19 மாதம் இரண்டும் ஒன்றேதான், ஏனென்றால் கார்டும் கைமாற்றும் சின்னவை, அவையே அதிக வட்டியும். வித்தியாசம் நகையா, பெர்சனல் லோனா என்ற இடத்தில் மட்டும் வருகிறது. அதிக வட்டி முதலில் என்று பெர்சனல் லோனை அடைத்தாலும் கடைசிக் கடன் தீர்வது 39-வது மாதம். நகையை முன்னால் வைத்தாலும் அதே 39. மொத்தத்தில் சுமார் ரூ.5,300 கூடுதல் வட்டி. ஆனால் நகை 33-வது மாதமே வீட்டுக்கு வந்துவிடும். அந்த ஆறு மாதத்தில் ஒரு கல்யாணமோ வளைகாப்போ வருகிற வீடாக இருந்தால் 5,300 ரூபாயை யோசிக்க வேண்டியதில்லை. அது வராத வீடு, நகையைப் பற்றிப் பெரிதாகக் கவலையில்லை என்றால் பெர்சனல் லோனையே பிடிக்கலாம்.

இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம், இங்கேதான் ஷீட்டின் மூன்றாவது தேர்வு கைகொடுக்கிறது: நாம் எழுதிய வரிசையிலேயே அடைப்பது. ஒன்றரை லட்சத்தையும் ஒரே ரசீதில் வைத்தால் முழுத் தொகையும் கட்டித்தான் ஒரு கிராமாவது வெளியே வரும். அடுத்த முறை மாற்றி வைக்கும்போது 25 ஆயிரம், 45 ஆயிரம், 80 ஆயிரம் என்று மூன்று தனிக் கடனாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கம்மலும் மோதிரமும் ஒன்றில், செயின் ஒன்றில், வளையல் ஒன்றில். மதிப்பீட்டாளர் கட்டணம் மூன்று முறை போகலாம், அதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் தனித்தனி வரியாக, மாதம் 200, 360, 640 என்று ஷீட்டில் போட்டால் கம்மல் 22-வது மாதம், செயின் 26-வது மாதம், வளையல் 33-வது மாதம் வீடு வந்து சேரும். செலவு ஏறக்குறைய அதே செலவுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரசீதைப் பிரித்த பிறகு 'ஸ்னோபால்' தேர்வை அப்படியே விட்டால், ஷீட்டின் கண்ணுக்கு இருப்பதிலேயே சின்னக் கடன் அந்த 25 ஆயிரம்தான். 49.56% கார்டு எரிந்துகொண்டிருக்கும்போது 9.5% நகையை மீட்கப் பணத்தைத் திருப்பிவிடும். அதனால்தான் சொந்த வரிசை. கார்டு, கைமாற்று, மூன்று நகை ரசீது, கடைசியில் பெர்சனல் லோன் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

நகைக்கடனை ஷீட் சரியாகப் புரிந்துகொள்ளாது என்பதையும் சொல்ல வேண்டும். மாதாமாதம் தவணை என்று அது நினைக்கிறது. நம் நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடம் கழித்து அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டுவது. இந்த வகைக்கு 12 மாதம்தான் உச்ச கெடு. ஷீட்டும் நிஜமும் ஒத்துப்போக ஒரே வழி, கெடு வரும்வரை காத்திருக்காமல் மாதா மாதம் 1,200-ஐ அந்த லோன் கணக்கிலேயே கட்டிவிடுவது. கட்டிய ரசீதில் வட்டிக்கு எவ்வளவு, அசலுக்கு எவ்வளவு வரவு வைத்தார்கள் என்று பாருங்கள். வருடக் கடைசியில் முழுத்தொகையைப் புரட்டி மாற்றி வைக்கும் அந்த ஒரு நாள் நெருக்கடிக்காக வெளியில் கைமாற்று வாங்குவதுதான் பல வீடுகளில் புதிய கடனின் பிறப்பிடம். அதற்கும் சேர்த்து முன்னதாகவே திட்டம் வேண்டும்.

மாற்றி வைக்கும் கவுன்ட்டரில் இன்னொரு ஆபத்து காத்திருக்கும். தங்கம் விலை ஏறியிருப்பதால் 'இதே நகைக்கு இன்னும் நாற்பதாயிரம் வரும், போட்டுக்கொள்கிறீர்களா?' என்பார்கள். 2026 ஏப்ரல் 1 முதலான ரிசர்வ் வங்கி விதியில் இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85% வரை கொடுக்கலாம் என்றாகிவிட்டது, முன்பு 75%. ஆகவே இந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி வரும். ஷீட்டில் அந்த நாற்பதாயிரத்தைச் சேர்த்துக் கடைசி மாதம் எங்கே போகிறது என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே நின்று முடிவெடுக்கக் கூடாது.

சரி, மனம் தளரும் இடம் எது? ஆரம்பம் இல்லை. முதல் ஒன்பது மாதம் கார்டு சரசரவென்று இறங்கும், பார்க்கவே உற்சாகம். பத்தாவது மாதத்திலிருந்து 18 வரைதான் பாலைவனம். ஒன்பது மாதம் எந்தக் கணக்கும் மூடாது, ஒரு வரியும் பூஜ்யமாகாது. ஷீட்டோடு வரும் வரைபடம் இதற்கு உதவவில்லை. கோடு சாய்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். இங்கே ஷீட்டை நம்பாமல் ஒரு சார்ட் தாளை எடுத்துக் கைமாற்றை 5,000 ரூபாய்க் கட்டங்களாக, இருபது கட்டம் போட்டு பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பெரும்பாலான மாதம் இரண்டு கட்டம் அடிபடும். வெளியே வருகிறவர் கண்ணில் படாது, நகையை எடுக்கப் போகும்போதெல்லாம் வீட்டாள் கண்ணில் படும். கட்டத்தை யார் அடிப்பது என்பதைப் பிள்ளைகளிடம் விடுவதா வேண்டாமா என்பது அந்தந்த வீட்டு நிலவரம். ஆனால் கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத் தெரியாமல் ஒரு கடன் இருந்தால் இந்தத் தாளும் வீண், ஷீட்டும் வீண். முதல் நாளே எல்லா ரசீதும் மேஜைக்கு வரவேண்டும்.

கைமாற்றில் இன்னொரு சிக்கல், கொடுத்தவர் 'அசலை மொத்தமாகக் கொடு, பிய்த்துப் பிய்த்து வேண்டாம்' என்பார். ஷீட்டுக்கு இது தெரியாது. அப்படியானால் மாதம் 8,600-ஐத் தனியே சேர்த்துவைத்து ஒரு லட்சம் ஆனதும் கொடுக்க வேண்டிவரும். அதுவரை மாதம் 2,000 குறையாமல் ஓடும். பத்தாவது மாதத்துக்குப் பிறகு ஷீட் காட்டும் வட்டி சுமார் 10,700. மொத்தமாகத்தான் வாங்குவேன் என்றால் 22 ஆயிரம் பக்கம். ஆகவே ஆரம்பத்திலேயே பேசி, 25 ஆயிரம் 25 ஆயிரமாக நான்கு முறை வாங்கிக்கொள்ளவாவது சம்மதிக்கவையுங்கள். கொடுக்கும்போதெல்லாம் புரோநோட்டின் பின்பக்கம் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரர்தானே என்று இதை விட்டால் கடைசி 25 ஆயிரத்தில்தான் தகராறு வரும். தீர்ந்த அன்று நோட்டு கைக்கு வந்துவிட வேண்டும்.

கார்டு விஷயத்தில் ஷீட் சொல்லாத குறுக்குவழி ஒன்று. நிலுவையை இ.எம்.ஐ.-யாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 60 ஆயிரத்தை 16%-க்கு 12 மாதத் தவணையாக மாற்றினால் மாதம் 5,444. மொத்த வட்டி 5,326, அதன்மேல் ஜி.எஸ்.டி. 959, பிராசசிங் கட்டணம் தனி. மாற்றாமல் ஒன்பது மாதத்தில் அடித்து முடித்தாலும் 12,266 வட்டி. பாதிக்குப் பாதி மிச்சம், மாதம் 3,000-க்கு மேல் கைமாற்றுக்கும் போகும். ஆனால் தவணை கட்டக் கட்டக் கார்டில் லிமிட் திறந்துகொண்டே வரும். அதைத் தொட்டால் இந்தக் கணக்கு மொத்தமும் செத்தது. நிலுவை இருக்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். ஷீட் 'இனிமேல் தேய்க்கமாட்டார்கள்' என்று நம்பித்தான் கணக்குப் போடுகிறது.

எதைச் சேர்க்கக்கூடாது என்பதும் முக்கியம். வீட்டு லோனை இதில் போடாதீர்கள். 25 லட்சத்துக்கு 8.5%-இல் 20 வருடம் என்றால் 21,696 இ.எம்.ஐ. அந்த ஒரு வரி வந்ததும் கடைசி மாதம் பல வருடம் தள்ளிப்போய்விடும், பார்க்கிறவருக்குக் கைகால் ஓயும். இருப்பதிலேயே வட்டி குறைந்த கடனாக அது இருக்க வாய்ப்பு அதிகம், எப்படியும் கடைசியில்தான் வரும். தனி ஷீட்டில் வையுங்கள். எடுத்துவிட்ட ஏலச்சீட்டும் வேண்டாம். முன்கூட்டிக் கட்டினால் பெரும்பாலும் மிச்சமாவது ஒன்றுமில்லை. ஆனால் தொகை சின்னதாக இருந்தால் ஸ்னோபாலில் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். சீட்டுத் தவணையைச் சம்பளத்திலேயே கழித்துவிட்டு மீதியைக் கணக்கில் எடுங்கள். அண்ணன் தம்பியிடம் வட்டியில்லாமல் வாங்கியதை 0% என்று கடைசி வரியாகப் போடலாம். உறவு கசக்கும் என்றால் முதல் வரியாகவும் போடலாம், அதற்கு ஷீட்டிடம் விடை இல்லை.

இருபதாயிரம் என்ற எண்ணும் ஒரு மாதிரிதான். ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், ஐப்பசியில் தீபாவளி, தையில் வரிசையாகக் கல்யாண மொய். பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை கட்டமுடிகிற வீடு குறைவு. அதனால் 20 ஆயிரம் முடியும் என்று தோன்றினால் ஷீட்டில் 18 ஆயிரம் போடுங்கள். மீதி 2,000 ஒரு தனி சேவிங்ஸ் கணக்கில் 15 முதல் 25 ஆயிரம் வரை சேரட்டும். ஷீட்டில் இதற்கு இடமே கிடையாது. இது பெரிய குறை. கையில் எதுவும் இல்லாமல் முழுப்பணத்தையும் கடனில் கொட்டும் வீட்டில், ஒரு டெங்குக் காய்ச்சல் வந்தால் மீட்ட கம்மல் மறுபடியும் அடகுக்குப் போகும். கடன் தொகை பழையபடி ஆவதைவிட, 'எவ்வளவு செய்தும் இவ்வளவுதான்' என்ற சலிப்பு வருவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

எதிர்பாராமல் வரும் பணத்துக்கு மாதாந்தர அட்டவணைப் பக்கத்தில் 'கூடுதல்' என்று தனிக் கட்டம் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. நம் உதாரணத்தில் மூன்றாவது மாதம் தீபாவளி போனஸ் 20 ஆயிரம் அதில் போனால் கார்டு ஒன்பதுக்குப் பதில் ஆறாவது மாதமே முடிகிறது. போனஸ் வருவதற்கு முன்பே இதைப் போட்டுக் காட்டிவிட்டால் துணிக்கடைப் பட்ஜெட் பேச்சு தானாகவே சுருங்கும்.

பெர்சனல் லோனில் கடைசியாக ஒரு எச்சரிக்கை. கார்டும் நகையும் தீர்ந்தபின் 20 ஆயிரத்தையும் அதில் கட்டலாம் என்று ஷீட் நினைக்கிறது. நிலையான வட்டி பெர்சனல் லோனில் பகுதிப் பணம் கட்ட ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்று கட்டுப்பாடும், கட்டும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணமும் இருக்கலாம். மிதக்கும் வட்டியில் தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கிய கடனுக்கு அப்படிக் கட்டணம் வாங்கக்கூடாது, ஆனால் பெர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி. 4% கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் என்று வைத்தால், 33-வது மாதத்துக்குப் பிறகு வேகமாக அடைப்பதில் மிச்சமாகும் ஐந்தாயிரத்துச் சொச்ச வட்டியில் பாதியைக் கட்டணமே தின்றுவிடும். அந்த நிலையில் இ.எம்.ஐ.-ஐ அப்படியே விட்டு, மீதியை ஆர்.டி.யில் போட்டு, அவசரப் பணத்தைப் பெருக்குவதே மேல். கடன் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைப் படிக்காமல் ஷீட்டை நிரப்பாதீர்கள்.

பயன்படுத்தும் முறையில் ஒன்றே ஒன்று: மாதம் ஒருமுறை, சம்பளமும் தவணைகளும் போய் முடிந்தபின், பத்தாம் தேதி வாக்கில் திறந்தால் போதும். ஸ்டேட்மென்ட்டில் உள்ள உண்மை நிலுவையைப் போட்டு, நிலுவைத் தேதியை மாற்றி, புதிய பெயரில் சேமியுங்கள். பழையதை அழிக்காதீர்கள். ஷீட் மாத வட்டி போடுகிறது, கார்டுக்காரர் தினவட்டி போடுகிறார், ஆகவே சில நூறு ரூபாய் வித்தியாசம் வரும், பயப்பட வேண்டாம். ஆயிரக்கணக்கில் வந்தால் எங்கோ ஒரு கட்டணம் விழுந்திருக்கிறது என்று பொருள். தினமும் திறந்து பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை, நிலுவை நாளுக்கு நாள் இறங்காது, எரிச்சல்தான் ஏறும். மொபைலில் பார்க்க இது லாயக்கில்லை, எழுத்து கடுகாகத் தெரியும். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரில் ஒருமுறை நிரப்பி அட்டவணைப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு அங்கே அழித்துவிட்டு வாருங்கள். தலைப்புகள் முழுக்க ஆங்கிலம். வீட்டில் மற்றவர்களுக்குப் புரிய அவற்றின் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டினால் போதும்.

ஷீட்டில் ஒரு வரி பூஜ்யம் ஆனதோடு அந்தக் கடன் முடிந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். கார்டில் முழுநிலுவை கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் கட்டிய நாள் வரையிலான மிச்ச வட்டி சில நூறு ரூபாய் வரும். அதையும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது, நம் கடன் விவரங்களை வைத்திருக்கும் கிரெடிட் பீரோவுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், ஆகவே ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பீரோவும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தரும். அதில் 'குளோஸ்டு' என்று இருக்க வேண்டும், 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது என்று இருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள்.